அன்லொக் போனும் கொழும்பு 4ஜியும்: மூன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

2022 ஏப்ரலில் அக்கா ரொறொன்ரோவிலிருந்து வந்தபோது, சூட்கேசில் எனக்கென்று ஒரு போன் கொண்டுவந்தார். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு டொலர் 200இலிருந்து 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. லிபர்ட்டி பிளாசாவில் நான் பார்த்து வைத்திருந்த போனின் விலை கிழமைக்குக் கிழமை மாறியது. அந்த நேரத்தில் இப்படியொரு போன் கையில் கிடைத்தது பெரிய உதவி. "அன்லொக் போன்தான், சிம்மைப் போட்டாச் சரி" என்றார் அக்கா.

அவர் சொன்னதில் பிழை இல்லை. 2017 டிசம்பர் 1 முதல் கனடாவில் விற்கும் புதிய போன்கள் எல்லாவற்றையும் பூட்டில்லாமல்தான் விற்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் பூட்டில்லை என்றால் எந்தக் கொம்பனியின் சிம்மையும் போன் ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டும்தான் அர்த்தம். அந்தக் கொம்பனியின் ரவரோடு எந்த அலைவரிசையில், எந்த வேகத்தில் பேசும் என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசம் விளங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இதே வழியில் போன் கைக்கு வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் இருந்து சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் படிப்பிக்கிறேன். அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. கரண்ட் போனால் வீட்டு றூட்டரும் போய்விடும். போனின் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பை இணைத்துத்தான் வகுப்பை நடத்தவேண்டும். பிள்ளைகளுக்கு என் குரலும் பலகையும் தடையில்லாமல் போய்ச் சேர இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம்தான் முக்கியம்.

சிம்மைப் போட்டேன். அழைப்பு வேலை செய்தது, டேட்டா அசையவே இல்லை. கொம்பனியின் இணையத்துக்குள் போகும் வழியைப் போனுக்குச் சொல்வது ஏபிஎன். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அது வெறுமையாக இருந்தது. இங்கே வாங்கும் போனில் சிம்மைப் போட்டதும் ஏபிஎன் தானாகவே வந்துவிடும். என் போனின் மென்பொருளில் இலங்கைக் கொம்பனிகளின் விவரம் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. கையால்தான் போடவேண்டும். உதாரணத்துக்கு, என் தங்கையின் டயலொக் சிம்முக்கு டயலொக் என்ற பெயரோடு இரண்டு பி சேர்த்து, எல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதினோம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வெறுமையாக விட்டோம். சேமித்த கையோடு டேட்டா வந்தது. சேமிக்காமல் பின்னுக்கு வந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்திச் சேமிக்கவேண்டும், பிறகு பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்து வட்டத்தையும் தொடவேண்டும்.

என் போனில் டேட்டா வந்தது, ஆனால் மேலே எச் என்ற எழுத்துத்தான் தெரிந்தது. அதாவது 3ஜி. இரண்டு, மூன்று மெகாபிட்டுக்கு மேல் போகவில்லை. உதவி இலக்கத்துக்கு மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைத் தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டு போன் அக்கா, சொப்ட்வெயார் அடிச்சாத்தான் 4ஜி வரும்" என்று சொல்லி நாலாயிரம் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது, ஏனென்றால் பிரச்சினை போனில் இருக்கவில்லை.

பிரச்சினை சிம்மில் இருந்தது. நான் 2010இல் எடுத்த சிம் அது. இலங்கையில் கைப்பேசிக்கு 4ஜி வந்ததே 2013இல்தான். 2ஜி காலத்துப் பழைய சிம் 3ஜி வரை ஒத்துழைக்கும், 4ஜி வலையமைப்போ அதை உள்ளேயே எடுக்காது. தொழில்நுட்ப விதியே அப்படித்தான். பழைய போனில் 4ஜி இல்லாததால் இது எனக்குத் தெரியவரவில்லை. காலி வீதிக் கிளைக்கு அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்துக்குப் புதுச் சிம் எடுத்தேன். வெளியே வந்து வாகன இரைச்சலுக்கு நடுவே நின்றபடியே போனைப் போட்டுப் பார்த்தேன். 4ஜி என்று வந்தது. வேகத்தை அளந்தேன்: இறக்கம் 31, ஏற்றம் 14. அன்று பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளை, "மிஸ், இண்டைக்கு உங்கட குரல் வெட்டுப்படேல்ல" என்றது. எனக்கு அதுவே போதும்.

அதற்குப் பிறகுதான் பாண்ட் விஷயத்தை, அதாவது இலக்கம் போட்டுப் பிரித்த அலைவரிசைகளைப் பற்றி, ஒழுங்காகப் படித்தேன். இது மட்டும் விளங்கினால் மிச்சமெல்லாம் லேசு. 4ஜி என்பது ஒரே ஒரு அலைவரிசை அல்ல. வட அமெரிக்காவில் 2, 4, 12, 13, 66 என்ற இலக்கப் பாண்ட்களில் ஓடுகிறது. நமக்கு முதன்மையானது 1800 மெகாஹேர்ட்ஸில் உள்ள 3ஆம் பாண்ட். அதோடு 2100இல் 1ஆம் பாண்டும் 900இல் 8ஆம் பாண்டும் இருக்கின்றன. 2300இல் உள்ள 40ஆம் பாண்டை வீட்டு றூட்டர்கள் பாவிக்கின்றன. ஒரே பெயரில் விற்கும் போன் ஒவ்வொரு சந்தைக்கும் வேறு வேறு மாதிரி இலக்கத்தில் வரும், உள்ளே இருக்கும் பாண்ட்களும் மாறும். என்னுடையதில் 1உம் 3உம் உண்டு, 8உம் 40உம் இல்லை. 3 இருந்தபடியால் தப்பினேன். 3 இல்லாத போனுக்கு எந்தக் கடைக்காரரும் மென்பொருளால் அதைக் கொண்டுவந்து தரமுடியாது, அது வன்பொருளோடு வருவது.

8 இல்லாததன் குறை எங்கே தெரிகிறது என்றால், சுவருக்குள். பாண்டின் இலக்கம் அல்ல, மெகாஹேர்ட்ஸ் குறையக் குறைய அலை சுவரை ஊடுருவும் வலு கூடும். எங்கள் மாடிவீட்டில் முன்னறை காலி வீதிப் பக்கம், பின்னறை ரயில் பாதையையும் கடலையும் பார்த்தது. சிக்னலின் வலுவை அளக்கும் நெட்மொன்ஸ்டர் என்ற செயலியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க நடந்தேன். முன்னறை ஜன்னலோரம் மைனஸ் 84 டிபிஎம். நடு மண்டபம் மைனஸ் 97. பின்னறைக் கட்டில் பக்கம் மைனஸ் 113, சில நேரம் 3ஜிக்கே விழுந்தது. பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது, 110ஐத் தாண்டினால் கஷ்டம். தங்கையின் போனில் 8ஆம் பாண்ட் இருப்பதால் அதே கட்டிலில் அவளுக்கு 4ஜி நிற்கிறது. நான் மேசையை முன்னறைக்கு மாற்றினேன். காசு செலவில்லாமல் ஏற்றும் வேகம் இரண்டு மடங்கானது. வேகம் காணாது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஜன்னலோரம் போய் அளந்து பாருங்கள்.

அந்த மின்வெட்டுக் காலத்தில் இன்னொன்றும் படித்தேன். கரண்ட் போய் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் 4ஜி நன்றாக இருக்கும், பிறகு மெல்ல மெல்லச் சாகும். ரவரின் பற்றறி இறங்குகிறது, டீசலுக்கும் தட்டுப்பாடு. போன் பக்கத்து ரவரை விட்டுத் தூரத்து ரவரைப் பிடிக்கும், சிக்னல் கோடு இருந்தாலும் வேகம் இருக்காது. வகுப்பை மின்வெட்டின் முதல் மணித்தியாலத்துக்குள் வைக்கத் தொடங்கினேன். வெட்டு அட்டவணையைப் பார்த்து வகுப்பு நேரம் போட்ட அந்த மாதங்களில் ஒரு பிள்ளைகூட முறைப்படவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்து கேத்திரகணிதம் கீறினார்கள்.

ஹொட்ஸ்பொட்டில் ஒரு சிக்கல் இருந்தது. லப்டொப் இணையும், இணையம் மட்டும் வராது. வட அமெரிக்கப் போன்கள் சிலவற்றில் ஹொட்ஸ்பொட்டுக்குத் தனி ஏபிஎன் வகை கேட்கும். ஏபிஎன் பக்கத்தில் வகை என்ற இடத்தில், இருந்த சொற்களோடு ஒரு காற்புள்ளி போட்டு டி, யு, என் என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்தைச் சேர்த்தேன். சரியாகிவிட்டது.

இனி, எனக்கு இன்னும் மனம் ஆறாத விஷயம். 4ஜியிலேயே குரல் அழைப்பு போகும் வோல்ட்டி வசதி என் போனுக்கு இங்கே கிடைக்கவில்லை. போன் தயாரிப்பாளரும் இங்குள்ள கொம்பனியும் சேர்ந்து திறந்துவிட்டால்தான் அது வரும், அன்லொக் என்பதால் வராது. அது இல்லாவிட்டால் அழைப்பு வரும்போது போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும், பேசி முடிந்த பிறகுதான் திரும்ப ஏறும். வகுப்பின் நடுவே யாராவது எடுத்தால் முழு வகுப்பும் உறைந்துவிடும்.

அழைப்பு வந்தாலும் 4ஜியை விட்டு இறங்காமல் இருக்கட்டும் என்று, டயல் பக்கத்தில் *#*#4636#*#* அடித்து வரும் சோதனைப் பக்கத்தில் எல்டிஇ மட்டும், அதாவது 4ஜி மட்டும், என்று தெரிவுசெய்தேன். அன்று வகுப்பு அருமையாக நடந்தது. மாற்றியதைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அம்மா மத்தியானம் வழுக்கி விழுந்து கையில் அடி. எனக்கு ஏழு தரம் எடுத்திருக்கிறார். 4ஜியில் அழைப்புக்கு வழியில்லை, 3ஜியைப் போனே மூடி வைத்திருக்கிறது, ஆகவே ஒரு அழைப்பும் வரவில்லை. இரவு எட்டரைக்குத் தங்கையின் போனுக்கு மாமா எடுத்த பிறகுதான் தெரியும். எலும்பு முறியவில்லை. ஆனால் ஏழு தரம் எடுத்தும் மகள் எடுக்கவில்லையே என்று அம்மா இருந்த அந்த மத்தியானத்தை என்னால் திருத்தமுடியாது. வோல்ட்டி இல்லாத போனில் எல்டிஇ மட்டும் என்ற தெரிவைத் தொடாதீர்கள். இணையத்தில் வேகத்துக்கு வழி என்று அதைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

இப்போது அழைப்புக்கென்று ஒரு சின்ன பட்டன் போனில் என் பழைய இலக்கம், டேட்டாவுக்கு வேறு சிம். வகுப்பு நேரம் பட்டன் போன் பக்கத்து மேசையில் சத்தத்தோடு இருக்கும். அம்மாவின் அழைப்பு என்றால் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு எடுப்பேன்.

மென்பொருள் புதுப்பிப்பும் கவனிக்கவேண்டியது. 2023இல் ஒரு இரவு புதுப்பித்துவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணி வகுப்புக்கு எழும்பினால் நான் எழுதிய ஏபிஎன் அழிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு ஏபிஎன் பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருக்கிறேன், ஒரு பிரதி தாளிலும் உண்டு. புதுப்பிப்பை வகுப்பில்லாத நாளுக்கு முதல் இரவில்தான் செய்வேன்.

வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், காலையில் முன்னறையில் 35 வரை வரும். இரவு ஏழரையிலிருந்து பத்து வரை அதே ஜன்னலோரம் 6, 7. சிக்னல் குறைவதில்லை, ரவரில் ஆட்கள் கூடுகிறார்கள். வெள்ளவத்தை மாடிவீடுகளில் அந்த நேரம் எல்லோரும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறார்கள். இரண்டு பாண்டை ஒன்றாகச் சேர்த்துப் பாவிக்கும் 4ஜி பிளஸ் என் போனில் மிக அரிதாகத்தான் தெரியும். இங்கே விற்கும் போன்களில் அடிக்கடி வருகிறது. வேகமே முதல் தேவை என்றால் இங்கே விற்கும் மாதிரியை வாங்குவதுதான் சரி.

2025 ஜனவரியிலிருந்து இன்னொரு கட்டாயமும் வந்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவில்லாத போன்களை வலையமைப்பில் சேர்ப்பதில்லை என்றார்கள். ஏற்கெனவே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை, ஆகவே என் போன் தப்பியது. இனி வாங்குபவர்கள், கடையில் காசு கொடுக்க முதல் *#06# அடித்து வரும் பதினைந்து இலக்கப் போன் அடையாள எண்ணை, ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துக்களுக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு எழுதி, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள்.

வரும் டிசம்பரில் அக்கா திரும்பவும் வருகிறார். தங்கைக்கு ஒரு போன் பார்த்திருப்பதாக நேற்று எழுதியிருந்தார். பெயரும் நிறமும் அனுப்பினார். பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும் மாதிரி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கோ, 3உம் 8உம் இருக்கா என்று பார்த்துச் சொல்லுறன், அதுவரைக்கும் காசு கட்டாதையுங்கோ என்று பதில் போட்டிருக்கிறேன்.