வீடு காலி செய்யும்போது பழைய பாத்திரம் விற்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்

மாயவரத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டைச் சென்ற ஆவணியில் காலி செய்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இருவரையும் கோவைக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். இங்கே இருப்பது இரண்டு படுக்கையறை வீடு, பரண் கிடையாது. அங்கே பரணில் இருந்ததோ ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிற அளவு பாத்திரம். அதை விற்றதில்தான் ஏமாந்தோம்.

பழைய சாமான் வாங்க வந்தவர் முதல் நாள் பழைய பேப்பர்தான் எடுத்தார். தெருவில் வழக்கமாக வருகிறவரைவிடக் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டியே கொடுத்தார். அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார், “வீட்டை விட்டுப் போறது கஷ்டம்தாம்மா” என்று ஆறுதலாகப் பேசினார். போகும்போது பரணை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாராம். அம்மா பிறகுதான் இதைச் சொன்னார்.

மறுநாள் நான் கேஸ் ஏஜென்சிக்குப் போயிருந்தேன். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துவிட்டு வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் சரியாக வந்திருக்கிறார், கூட இரண்டு பையன்கள், வாசலில் டாட்டா ஏஸ். “நாளைக்கு ரேட் இறங்குதும்மா, இன்னிக்கே முடிச்சுடலாம்” என்று சொல்லிப் பரணில் இருந்த அத்தனையையும் இறக்கிவிட்டார்கள். நான் திரும்பியபோது வண்டி தெருமுனை தாண்டியிருந்தது. அப்பா கையில் பணமும், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு கணக்கும் இருந்தன. கடைப் பெயரோ கையெழுத்தோ அதில் இல்லை.

அன்று மாலை அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அடியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. 1976-ல் அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா எழுதிய சீர்க் கணக்கு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேரே எடை போட்டிருந்தார். காலண்டர் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பித்தளை அண்டா நோட்டில் 11.250 கிலோ, தாளில் 8.6. தவலை 6.400, தாளில் 4.9. வெண்கல உருளி 5.100, தாளில் 3.9. புளியும் சாம்பலும் போட்டு ஐம்பது வருடம் தேய்த்தாலும் அண்டாவில் இரண்டரைக் கிலோ கரையாது. எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில், கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்திருந்தது. தராசையே அப்படித் திருத்தி வைத்திருந்தால்தான் இப்படி வரும்.

எடை மட்டும் இல்லை. உருளியையும் வெண்கலப் பானையையும் பித்தளைக் கணக்கில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் கிலோ 350 என்று போட்டிருந்தார். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெண்கலத்துக்கு எப்போதும் விலை அதிகம். விரல் மடக்கித் தட்டினாலே தெரியும், வெண்கலம் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். நான் பிறகு விசாரித்த இரண்டு பாத்திரக் கடைகளிலும் பழைய பித்தளைக்கே 500-க்கு மேல் சொன்னார்கள்.

எனக்கு மனசு ஆறாதது ஈயச்சொம்பு விஷயத்தில்தான். காலண்டர் தாளில் கடைசி வரி: “அலுமினியம் 0.7 – 77 ரூ.” எங்கள் வீட்டில் அலுமினியப் பாத்திரமே கிடையாது. அம்மாவிடம் கேட்டேன். “ஈயம்ப்பான்னு சொன்னேன். ஈயமெல்லாம் விஷம்மா, இப்ப யாரும் வாங்கறதில்ல, அலுமினிய ரேட்டுக்கு எடுத்துக்கறேன்னு போட்டுக்கிட்டான்” என்றார்.

விஷம் என்பது காரீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. இது வேறு உலோகம், பித்தளையைவிடப் பல மடங்கு விலை. (இப்போது கடையில் விற்பதில் காரீயம் கலப்பதாகவும் சொல்கிறார்கள், புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.) தாத்தா நோட்டில் அது 900 கிராம். அந்த எடையில் இன்று புதிதாக வாங்கப் போனால் சில ஆயிரம் ஆகும். அம்மாவுக்குக் கிடைத்தது 77 ரூபாய்.

அந்தச் சொம்பின் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அம்மா பெயர் வெட்டியிருக்கும். ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். எனக்கு ஏழு வயதில், தண்ணீர் இல்லாத சொம்பை அடுப்பில் வைத்துவிட்டேன். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அம்மா ஓடி வந்து இறக்குவதற்குள் அடி நெகிழ்ந்து ஓரம் சாய்ந்துவிட்டது. அப்படிச் சாய்ந்த சொம்பிலேயே அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் ரசம் கொதித்தது.

பாத்திரம் எடுத்தவர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு அன்று இரவு ஒருமுறை மணி போனது, அதன்பிறகு ஸ்விட்ச் ஆஃப். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். “நீங்களே சம்மதிச்சு வித்த பொருள்தானே” என்று கேட்டார்கள். நாம் வாங்குகிறவர்கள் அல்ல, விற்றவர்கள். அதனால் நுகர்வோர் நீதிமன்றம் என்ற வழியும் எளிதில் பொருந்தாது. எடையில் மோசடி என்றால் மாவட்டத்தில் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். கொடுத்தேன். ஆனால் ஆளும் தராசும் கையில் இருந்தால்தான் அவர்களாலும் மேற்கொண்டு ஏதாவது செய்ய முடியும்.

அதனால் விற்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்னணுத் தராசில் ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வைக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஐந்தை அதில் வைத்துப் பாருங்கள், ஐந்து கிலோவுக்குக் கீழே காட்டினால் அத்தோடு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் முதல் நாளே வேறு தராசில் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பித்தளை, வெண்கலம், செம்பு, ஈயம் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் கொடுப்பதைவிட, நிலையான கடை வைத்திருக்கும் பாத்திரக்காரரிடம் எடுத்துப் போய் ரசீதோடு கொடுப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவர்கள் தனியாக இருக்கும்போது எதையும் இறக்க விடாதீர்கள். வீடு காலியாகப் போவது தெருவில் தெரிந்த நாளிலிருந்து ஆள் வர ஆரம்பித்துவிடும்.

பணத்தை அப்பா “விடும்மா, போகட்டும்” என்று விட்டுவிட்டார். அம்மாவால் முடியவில்லை. “கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் கொடுத்தேன், நான்தான் விட்டுட்டேன்” என்று இங்கே வந்தும் பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம் கும்பகோணம் போனபோது, பழைய பாத்திரம் விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஈயச்சொம்புகள் நான்கைந்து இருந்தன. எடுத்துக் கழுத்தடியில் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் யார் யாரோ பெயர் இருந்தது.

மாயவரம், கும்பகோணம் பக்கம் யாராவது ஒருபுறம் சாய்ந்த, கழுத்துக்குக் கீழே புள்ளியில் பெயர் வெட்டிய ஈயச்சொம்பைப் பார்த்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.