நல்ல வண்டி, நான்கு போல்ட் குறை

நான் வைத்திருக்கும் வண்டியின் அதே மாடல் ஒன்று தன் ஊரில் சல்லிசான விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. இடப்பக்க லோயர் பால் ஜாயின்ட்டை, அதாவது முன்சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு இணைக்கும் பந்து மூட்டை, மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அந்த எரிச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு படிக்கவும். எஞ்சின், மைலேஜ், இருக்கை வசதி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வண்டியின் பெயரும் வேண்டாம். முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார், சக்கரத்தைப் பிடித்திருக்க மேலும் கீழும் ஆர்ம், நான்கு சக்கர இயக்கம் என்று சொன்னால் போதும்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் தனுஷ்கோடி வரை மணலும் உப்புத் தண்ணீரும்தான் வழி. அந்த வழியில் இந்த வண்டி என்னை ஒருபோதும் இறங்கித் தள்ள வைத்ததில்லை. முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தால் டார்ஷன் பாரின் அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம். காயில் ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு எளிதில் வாய்க்காத வசதி அது. இத்தனை உப்பையும் மணலையும் தாங்கி, கம்பெனியில் போட்ட பால் ஜாயின்ட்டே இவ்வளவு காலம் உழைத்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அது போகும்போதுதான் தன் குணத்தைக் காட்டுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் இடப்பக்கம் ‘டொக்’ என்ற சத்தம், ஸ்டியரிங்கில் லேசான அலைச்சல், டயரின் உள்விளிம்பில் தேய்மானம் என்று வரிசையாக வந்தன. ஜாயின்ட்டின் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, அந்த இடத்தில் துருவும் மணலும் குடியேறியிருந்தன. ஆட்டத்தைச் சோதிப்பவர்கள் ஜாக்கியைச் சேஸிஸுக்குக் கொடுக்காமல் லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டார்ஷன் பாரின் விசை ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால், தேய்ந்ததும் நல்லது போலவே தோன்றும். இந்த அமைப்பில் வண்டியின் எடை பந்தை அதன் குழியிலிருந்து மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. எனவே தேய்மானம் எல்லை மீறினால் பந்து கழன்று, சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் சாய்ந்துவிடும். சத்தம்தானே என்று ஒத்திப்போடக்கூடிய வேலை அன்று.

சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து ஜாயின்ட்டின் தண்டான ஸ்டட்டைப் பிரித்தது பெரிய கதையில்லை. சக்கரத்தைச் சுழற்றும் சி.வி. ஷாஃப்ட் நேர் மேலே நிற்பதால், பிரித்தெடுக்கும் கருவியான புல்லர் நேராக உட்காராது. நட்டு சுழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னை எடுத்து, கேஸில் நட்டைச் சில மரை மட்டும் தளர்த்தி ஸ்டட்டிலேயே விட்டுவிட்டு, நக்கிளின் கண்ணுக்குப் பக்கவாட்டில் கனத்த சுத்தியலால் அடித்தால், டார்ஷன் பாரே ஆர்மைக் கீழே இழுத்து, ஸ்டட்டின் கூம்பு வடிவப் பகுதியான டேப்பரை விடுவித்துவிடும். நட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடிப்பவர் தன் காலை முதலில் வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

என் கோபமெல்லாம் அதற்கு அடுத்த கட்டத்தின் மேல்தான். மேல் ஆர்மில் இருக்கும் ஜாயின்ட்டை நான்கு போல்ட் போட்டுப் பொருத்திய அதே பொறியாளர், எடையைச் சுமப்பதும் முதலில் தேய்வதுமான கீழ் ஜாயின்ட்டை மட்டும் ஆர்மின் துளைக்குள் பிரஸ் அடித்து, மேலே சர்க்லிப் என்னும் பூட்டு வளையம் ஒன்றை மாட்டிப் பூட்டியிருக்கிறார். அழுத்திப் பொருத்துவது வலுவானது, பகுதிகளும் குறைவு என்று அவருக்காக வாதாடலாம். கடற்கரைத் துரு அந்த வாதத்தைக் கேட்பதில்லை. சர்க்லிப் துண்டு துண்டாகத்தான் வந்தது. சி வடிவப் பிரஸ்ஸை மாட்டி, மரையில் கிரீஸ் தடவி, நீண்ட குழாயைக் கைப்பிடியாகச் செருகித் திருகியபோது, ஜாயின்ட் அசையாமல் பிரஸ்ஸின் சட்டம்தான் விரிந்தது. துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி, இறுக்கிய நிலையிலேயே இரவு முழுவதும் விட்டுவைத்தும் பயனில்லை. கேஸ் வைத்துச் சூடேற்றலாம் என்று மெக்கானிக் சொன்னதற்கு நான் இணங்கவில்லை: உள்ளே மிஞ்சிய கிரீஸ் தீப்பற்றும் என்பது ஒருபுறம் இருக்க, வண்டியின் எடையைத் தாங்கும் ஆர்மின் எஃகைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் உறுதி போய்விடும். கடைசியில் டார்ஷன் பாரில் அடையாளமிட்டு, அதைத் தளர்த்தி, ஆர்மையே கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குத் தூக்கிப் போனோம். துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையுடன் அது வெளியே வந்தபோது பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜாயின்ட்டின் விலையைவிடக் கூலி அதிகம். விலை மலிவான ஜாயின்ட்டுகள் சில கையால் தள்ளினாலே துளைக்குள் இறங்கிவிடுகின்றன. அவற்றை வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்துகிற வழக்கமும் இருக்கிறது. அப்படிப் பொட்டு வைத்த ஆர்மை நண்பர் பார்க்கப்போகும் வண்டியில் கண்டால், பேரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும். புதியதைப் பொருத்தும்போது டேப்பரை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஸ்பிலிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று முறுக்க வேண்டுமே தவிரப் பின்னோக்கித் தளர்த்தக்கூடாது. வீல் அலைன்மென்ட்டைத் தவிர்க்கவே முடியாது.

இப்போது ஸ்டியரிங் வாங்கிய புதிதில் இருந்தது போல நேராக நிற்கிறது. இன்று காலை ஓட்டியபோது இதைவிடச் சிறந்த வண்டி எனக்குக் கிடைக்காது என்றுகூடத் தோன்றியது. இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. வலப்பக்கத்துக்கான ஜாயின்ட்டையும் கிரீஸ் ஏற்ற நிப்பிள் உள்ளதாகப் பார்த்து வாங்கி வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்து ரப்பர் உறையும் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அந்த ஆர்மையும் கழற்றியாக வேண்டும்.