கிறைஸ்ட்சர்ச்சின் மண் ஏடு: நியூசிலாந்து ஜியோடெக்னிக்கல் டேட்டாபேஸ் குறித்து ஒரு பயனரின் மதிப்பீடு

மண் பரிசோதனை அறிக்கை என்பது பொதுவாக ஒரே ஒரு முறை படிக்கப்படும் ஆவணம். அடித்தளம் போட்டு முடிந்ததும் அது கோப்புக்குள் போய்விடும். அடுத்த மனையில் வீடு கட்டுபவர் அதே மண்ணை மீண்டும் காசு கொடுத்துத் துளைப்பார். இந்த வழக்கத்தை ஒரு நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் கைவிட்டது என்றால், அதற்கு ஒரு நிலநடுக்கம் தேவைப்பட்டது. நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நியூசிலாந்து ஜியோடெக்னிக்கல் டேட்டாபேஸ் என்னும், மண் சோதனைகளை வரைபடத்தில் திறந்து வைக்கும் இணையச் சேவை அப்படிப் பிறந்ததுதான். மண் பொறியாளர்களுக்கும், நிலநடுக்கத்தைப் பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இதன் பின்னணி. 2010 செப்டம்பர் 4 அதிகாலை 4.35 மணிக்கு, கிறைஸ்ட்சர்ச்சுக்கு மேற்கே டார்ஃபீல்டு அருகே 7.1 அளவில் நிலம் குலுங்கியது. சேதம் பெரிதென்றாலும் நகரம் தப்பித்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். 2011 பிப்ரவரி 22 நண்பகல் 12.51 மணிக்கு வந்த 6.2 அளவு அதிர்வு, எண்ணில் சிறியதாயினும், நகரத்தின் விளிம்பிலேயே, சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்ததால் 185 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் 115 பேர் சி.டி.வி. தொலைக்காட்சி இயங்கிய கட்டடம் ஒன்றிலேயே இறந்தார்கள். ஏவன் நதியை ஒட்டிய கிழக்குப் புறநகர்களில் நீர் நிறைந்த மணல் அதிர்ச்சியில் தன் வலுவை இழந்து குழம்பாகி, சாலைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் சாம்பல் நிறச் சேறாகப் பொங்கி வந்தது. மண் திரவமாதல் என்று நாங்கள் வகுப்பில் படித்த அந்த நிகழ்வு, நவீன நகரம் ஒன்றில் இத்தனை பரப்பில், மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு சொல்வது கடினம். ஏறத்தாழ 8,000 வீட்டு மனைகள் குடியிருக்கத் தகாதவை என்று அரசால் சிவப்பு மண்டலத்தில் வைக்கப்பட்டன.

எஞ்சிய மனைகளில் வீடுகளைச் சீர்செய்ய வேண்டும்; அதற்கு மண் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அரசின் நிலநடுக்கக் காப்பீட்டு ஆணையம், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள், நகராட்சி, வீட்டுக்காரர்கள் நியமித்த பொறியாளர்கள் என எல்லோரும் ஒரே தெருவை வெவ்வேறு காரணங்களுக்காகத் துளைக்கத் தொடங்கினார்கள். இந்தத் தரவுகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் கொட்டி, எவர் எடுத்த சோதனையையும் எவரும் பார்க்கலாம் என்று செய்த ஏற்பாடுதான், கிறைஸ்ட்சர்ச் அமைந்த கேன்டர்பரி வட்டாரத்தின் பெயரைக் கொண்ட கேன்டர்பரி ஜியோடெக்னிக்கல் டேட்டாபேஸ். டாங்கின் அண்ட் டெய்லர் என்ற பொறியியல் நிறுவனம் அதை உருவாக்கியது. 2016-இல் அது நாடு முழுமைக்குமாக விரிந்து இன்றைய பெயரைப் பெற்றது. போட்டி நிறுவனங்கள் தங்கள் போர்ஹோல் (மண்ணை ஆராயப் போடும் துளை) பதிவுகளை ஒன்றுக்கொன்று திறந்துவிட்டன என்பதன் அருமை, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே முழுமையாக விளங்கும்.

பதிவு செய்துகொள்ளக் கட்டணம் இல்லை. வரைபடத்தில் ஒரு மனையை நெருங்கிப் பார்த்தால், அதைச் சுற்றிய போர்ஹோல்களும் கூம்பு ஊடுருவல் சோதனைகளும் புள்ளிகளாகத் தெரிகின்றன. ஒரு புள்ளியைத் திறந்தால் அந்தச் சோதனையின் பதிவைத் தரவிறக்கிக்கொள்ளலாம். கூம்பு ஊடுருவல் சோதனை என்பது, நுனியில் கூம்பு பொருத்திய இரும்புத் தண்டை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மண்ணுக்குள் அழுத்தி, நுனி எதிர்ப்பு, பக்க உராய்வு, துளைநீர் அழுத்தம் (மண் துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம்) ஆகிய மூன்றையும் ஏறத்தாழத் தொடர்ச்சியாக அளப்பது. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள வண்டல் படலத்தின் சாயலைக்கூட அந்த வளைகோட்டில் பார்க்க முடியும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை அடித்து எண்ணும் பழைய சோதனையில் அப்படிப்பட்ட படலம் கண்ணிலேயே படாது. டாலிங்டன், ஏவன்சைடு போன்ற பகுதிகளில் இந்தப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்றால், சில தெருக்களில் மண்ணின் குறுக்குவெட்டை அலுவலக மேசையிலிருந்தே வரைந்துவிடலாம்.

என் கருத்தில் இந்தச் சேவையின் உண்மையான செல்வம் சோதனைப் புள்ளிகள் அல்ல. கேன்டர்பரிக்கெனச் சேர்த்த வரைபட அடுக்குகளே. ஒவ்வொரு பெரிய அதிர்வுக்குப் பிறகும் எங்கெங்கே மணல் பொங்கியது, எங்கே நிலம் நதியை நோக்கிப் பிளந்து நகர்ந்தது என்று தெருத் தெருவாக நடந்து குறித்த கள ஆய்வுகள் அங்கே இருக்கின்றன. விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த நிலமட்டங்கள், 2003-ஆம் ஆண்டின் பழைய அளவோடு ஒப்பிடும் வகையில் அமைந்துள்ளன. அரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்துபோன இடங்களை வண்ணத்திலேயே பார்த்துவிடலாம். நிலத்தடி நீர்மட்டமும் தனி அடுக்காக உண்டு. பதிவுக் கருவிகள் இருந்த நிலையங்களுக்கு இடைப்பட்ட இடங்களில் குலுக்கம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் பிராட்லியும் மாத்யூ ஹியூஸும் கணித்த அளவும் உண்டு. மண், நீர், குலுக்கம், விளைவு ஆகிய நான்கும் ஒரே மனையின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. தரவைக் கொடுத்தவர் களப் பொறியாளர், கணித்தவர் ஆய்வாளர் என்ற கோடு அங்கே அழிந்துவிடுகிறது.

இதன் பயனை ஆய்வுலகில் தெளிவாகக் காணலாம். மண் திரவமாதலை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரங்கள், உலகெங்கும் பல பத்தாண்டுகளில் சேர்ந்த சில நூறு நிகழ்வுகளை வைத்தே உருவானவை. கேன்டர்பரியின் 2010, 2011, 2016 அதிர்வுகளிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 15,000 நிகழ்வுகளை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிரெட் மௌரரும் சகாக்களும் தொகுத்து வெளியிட முடிந்ததற்கு இந்தத் திறந்த தரவே அடிப்படை. அதைவிட எனக்குப் பிடித்தது, கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் மிஷ்கோ குப்ரினோவ்ஸ்கி குழு 55 இடங்களை எடுத்து ஆராய்ந்தது. சூத்திரம் ‘பொங்கும்’ என்று சொன்ன பல இடங்களில் மேலே ஒரு துளி மணல்கூட வரவில்லை, ஏன்? அப்படிப்பட்ட இடங்களில் மணலும் வண்டலும் மெல்லிய படலங்களாக மாறி மாறி அடுக்கியிருந்தன. ஒவ்வொரு படலத்தையும் தனித்தனியே கணக்கிடும் முறை, அடுக்கு முழுவதும் சேர்ந்து இயங்குவதைத் தவறவிட்டது என்பது அவர்கள் கண்ட விடை. சூத்திரம் சரியாக வந்த இடங்களைப் போலவே தவறிய இடங்களும் பதிவாகியிருந்ததால்தான் இந்தப் பாடம் கிடைத்தது. ஒன்றுமே நடக்காத மனைக்கு யாரும் தனியாக ஆய்வு செய்ய மாட்டார்கள் அல்லவா.

சிவப்பு மண்டலத்தில் காலியான மனைகளே பின்னர் ஆய்வுக்கூடமானதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. 2013-இல் அங்கே சரளைத் தூண்கள், அடித்து இறக்கிய மரக்கம்பங்கள், சிமென்ட் கலந்த மண் விட்டங்கள் எனப் பலவகை நில வலுவூட்டல்களை உண்மையான அளவில் செய்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கப்பலில் வந்த ‘டி-ரெக்ஸ்’ என்ற அதிர்வு வண்டியால் குலுக்கியும், வெடி வைத்தும் சோதித்தார்கள்.

இனிக் குறைகள். தரவு இருப்பது நிலநடுக்கம் தாக்கிய இடத்தில்தான். கிறைஸ்ட்சர்ச்சை விட்டு வெளியே, குறிப்பாகச் சிற்றூர்களில், புள்ளிகள் சட்டென்று அருகிவிடும். அந்த வெற்றிடத்தை நல்ல மண் என்று எடுத்துக்கொள்ளும் புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூம்புச் சோதனைகளோடு ஒப்பிட்டால் ஆய்வகச் சோதனை முடிவுகள் மிகக் குறைவு. வண்டலில் களிமண் எவ்வளவு என்பதை வளைகோட்டிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும்போது இந்தக் குறை உறுத்தும். சரளை அடுக்கைத் தொட்டதும் கூம்பு நின்றுவிடும் என்பதால், நகரத்துக்கு அடியிலுள்ள ரிக்கார்டன் சரளைக்குக் கீழே உள்ளதைப் பற்றி இந்தச் சோதனைகள் எதுவும் சொல்லாது. அது தளத்தின் குற்றமன்று.

தரவின் தரத்துக்குத் தளம் பொறுப்பேற்பதில்லை. பதிவேற்றியவர் கொடுத்ததை அப்படியே வைக்கிறது. இதனால் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நிறுவனம் ஏற்றியிருந்த ஒரு சோதனையில், எண் அட்டவணைக்குப் பதில் மங்கலான வரைபடத்தின் படம் மட்டுமே இருந்தது. அதை உட்கார்ந்து எண்களாக மாற்றி முடித்த பிறகுதான், முதல் ஒன்றேகால் மீட்டர் முன்கூட்டியே துளையிடப்பட்டிருந்ததையும் நான் அதைத் தளர்ந்த மணல் என்று எடுத்துக்கொண்டிருந்ததையும் கண்டேன். அதன் பிறகு, எந்தப் பதிவைத் திறந்தாலும் முதலில் சோதனைத் தேதியையும், முன்துளை ஆழத்தையும், நீர்மட்டம் அளக்கப்பட்டதா ஊகிக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிட்டே வளைகோட்டுக்குப் போகிறேன்.

இது மண்ணைப் பற்றிய ஏடு, கட்டடங்களைப் பற்றியதன்று என்பதையும் வாங்கும் முன் விலை பார்ப்பதுபோல் தெரிந்துகொள்ள வேண்டும். சி.டி.வி. கட்டடம் விழுந்ததற்கு அதன் தூண்களிலும் இணைப்புகளிலும் இருந்த வடிவமைப்புக் குறைகளை, கட்டடங்கள் இடிந்ததை விசாரிக்க அரசு அமைத்த ராயல் ஆணையம் விரிவாக எழுதியிருக்கிறது. அவ்வகைக் கேள்விக்கு ஆணையத்தின் அறிக்கைத் தொகுதிகளைத்தான் திறக்க வேண்டும். குலுக்கத்தின் மூலப் பதிவுகள் வேண்டுமென்றால் ஜியோநெட் என்ற நிலநடுக்கக் கண்காணிப்பு வலையமைப்பு அவற்றை இலவசமாகத் தருகிறது. இரண்டையும் இந்தத் தளத்தோடு அருகருகே திறந்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

முதல் முறை பதிவு செய்பவர்கள் கிழக்குப் புறநகரான பெக்ஸ்லி பகுதியிலிருந்து தொடங்கட்டும். நிலமட்ட மாற்ற அடுக்கையும் மணல் பொங்கிய அடுக்கையும் ஏற்றி, இரண்டும் பொருந்தாத ஒரு தெருவைத் தேடிப் பிடித்து, அங்குள்ள இரண்டு கூம்புச் சோதனைகளைத் தரவிறக்கிப் பாருங்கள். எனக்கு அதற்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது.