உப்புத்தண்ணீரில் டிராலிங் மோட்டார்: உவரிப் பக்கத்து அனுபவம்

சின்ன பைபர் படகில் தூண்டில் போடும்போது படகை மெதுவாக நகர்த்துவதற்காக வாங்கிய 12 வோல்ட் மின்சார டிராலிங் மோட்டார் இது. உந்துவிசை 55 பவுண்டு. நன்னீர் மாடல் என்று தெரிந்தேதான் வாங்கினேன். உப்புநீருக்கென்றே மின் கோட்டா (Minn Kota) கம்பெனியின் ரிப்டைட் போல தனி வரிசை உண்டு, விலைதான் கட்டுப்படியாகவில்லை. காற்று அடங்கிய மாதங்களில் உவரி, கூடுதாழைப் பக்கம் கடல். ஆனி, ஆடிக் காற்றில் படகு கரையிலேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகிவிட்டால், மச்சான் மீன் குத்தகை எடுத்திருக்கும் குளத்துக்கு மோட்டார் போய்விடும்.

வருஷக்கணக்கில் இரண்டு தண்ணீரிலும் ஓட்டிப் பார்த்ததில், வெளியே தெரிகிற அரிப்பு பயமுறுத்துவதோடு சரி. மோட்டாரைச் சாகடிப்பது உள்ளே ஒளிந்திருக்கும் அரிப்புதான்.

வெளி அரிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் கூடு அலுமினியம். அதில் செந்துரு வராது. பெயின்டுக்கு அடியில் கொப்புளம் எழும்பும், நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைச் சுற்றித்தான் முதலில் ஆரம்பிக்கும். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரியாகிவிடுகிறது, கரைந்துபோவது அலுமினியம். இரும்பு பிரஷ் வேண்டாம், இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு இன்னும் கெடுக்கும். நைலான் நாரால் தேய்த்து, அலுமினியத்துக்கான பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் கொடுத்தால் சரி. பாசி பிடிக்காமலிருக்கப் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த பெயின்ட் மட்டும் இதன்மேல் படவே கூடாது.

புரொப்பல்லர் பக்கம் மாட்டும் சிங்க் (துத்தநாக) கட்டி, கூட்டுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக இருக்கிறது. அது பாதியாகக் கரைந்திருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் இருந்தும் பயனில்லை. குளத்தில் ஓட்டும்போதுதான் சிக்கல்: நன்னீரில் சிங்க் மேல் கெட்டியாக ஒரு படலம் படிந்து அது செயலற்றுப் போகும். நன்னீருக்கு மெக்னீசியம்தான் சரி. நான் சிங்க்கையே வைத்துக்கொண்டு, திரும்பக் கடலுக்குப் போகுமுன் உப்புத்தாள் போட்டு உரசிவிடுகிறேன்.

ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்? எங்கள் வீட்டுப் போர் தண்ணீரே வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் கூட்டின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்துவைத்து அதில்தான் கழுவுகிறேன். வீட்டில் ஏச்சு விழும், வேறு வழியில்லை.

இனி வயர். ஒரு சமயம் மோட்டார் சீராக இழுக்காமல் தயங்கியது. பேட்டரி முழு சார்ஜில் இருந்தது. திசையன்விளையில் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, காயிலு, பிரஷ்ஷு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வயரை உரிச்சுப் பாப்போம்" என்றார். பேட்டரி முனையிலிருந்து உரிக்க உரிக்க, ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே செம்பு கருத்துப் போயிருந்தது. லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) கவ்வியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. முறுக்கியபோது இழைகள் பொடியாக உதிர்ந்தன. வெளியே உறை புதுசுபோல இருந்தது! இழைகளுக்கு நடுவில் உப்புத்தண்ணீர் தானாகவே ஏறிவிடும்.

முழு வேகத்தில் இந்த மோட்டார் 50 ஆம்பியர் வரை இழுக்கும். இணைப்பில் 0.02 ஓம் தடை சேர்ந்தால்கூட 1 வோல்ட் அங்கேயே போய்விடும். 50 வாட் வெப்பமாகும், சோல்டரிங் அயர்னை வயரோடு கட்டிவைத்த மாதிரி. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போட்டு, லக்கை அழுத்திக் கவ்வவைத்து, உள்ளே பசை தடவிய, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடினோம். பேட்டரி முனையில் பூக்கும் பொடிக்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர் போதும். அது செல்லுக்குள் போகக் கூடாது, துடைத்துக் காயவைத்து வாசலின் தடவுங்கள்.

புரொப்பல்லரை அவ்வப்போது கழற்றிப் பார்ப்பதும் அவசியம். அதன் பின்னால் தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு) சுற்றிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை அறுத்துவிடும். சீல் போனால் உப்புத்தண்ணீர் நேராக பேரிங்குக்கும் காயிலுக்கும்தான். என் மோட்டாரில் இப்போது சீல் மாற்றும் கட்டம். கம்பெனி பார்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் சீலிலேயே அச்சிட்டிருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் பேரிங் கடையில் எடுத்துத் தருவார்கள். சீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ்ஸா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், சாதா ஸ்பிரிங் கடலில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.