ஆறு அங்குல டிவைடர்: பல வருஷப் பழக்கத்தில் கண்டது

கப்பலூர் பக்கம் எங்கள் பட்டறையில் அளவு பார்க்க டிஜிட்டல் வெர்னியரும் இருக்கிறது, ஹைட் கேஜும் இருக்கிறது. ஆனாலும் மார்க்கிங், அதாவது வெட்டவும் துளைக்கவும் இரும்பில் கோடு போடுவது என்று வந்துவிட்டால் என் கை முதலில் போவது ஆறு அங்குல ஸ்பிரிங் டிவைடருக்குத்தான். கவராயம் மாதிரிதான், ஆனால் இரண்டு காலிலும் கூரான முனை; ஸ்பிரிங் காலை விரிக்கும், நட்டை இறுக்கினால் கால் நெருங்கும். பத்து வருஷத்துக்கு மேலாக அது என்னிடம் உழைக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் பரீட்சைக்குப் பிறகு அதைத் தொடுவதே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிவைடரில் எண் கிடையாது. ஒரு தூரத்தை ஒரு தடவை பிடித்துக்கொண்டால், அதை எத்தனை இடத்திலும் மாறாமல் வைக்கும். ஸ்கேலை வைத்து எட்டு இடத்தில் எட்டுத் தடவை அளந்தால், கண் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும். எட்டும் ஒன்றாக வராது.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் பம்ப் வேலை. அலங்காநல்லூர், மேலூர் பக்கத்திலிருந்து உடைந்த ஃபிளாஞ்சை (குழாயைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க, சாயங்காலம் தண்ணி பாய்ச்சணும்" என்பார்கள். டிராயிங் எதுவும் இருக்காது. ஆனால் உடைந்த துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை முழுசாக இருந்தால் போதும். ஒரு ஓட்டையின் இடது விளிம்பில் ஒரு முனை, அடுத்த ஓட்டையின் இடது விளிம்பில் இன்னொரு முனை. ஓட்டைகள் ஒரே அளவு என்றால் அந்த விரிப்புதான் மையத்துக்கு மையம். நான்கு ஓட்டை ஃபிளாஞ்ச் என்றால் அதை 0.707-ஆல் பெருக்க வேண்டும், எட்டு ஓட்டை என்றால் 1.307-ஆல். ஓட்டை மையங்கள் எல்லாம் விழும் போல்ட் வட்டத்தின் ஆரம் கிடைத்துவிடும்.

அளவு வைப்பதில்தான் பாதிச் சூட்சுமம் இருக்கிறது. கோடுகள் வெட்டிப் பதித்த ஸ்டீல் ரூல் வேண்டும். அச்சடித்த கோடு இதற்கு உதவாது. ரூலின் நுனி தேய்ந்திருக்கும், அதனால் 10 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்குவேன். 80 மி.மீ. வேண்டுமென்றால் ஒரு முனை 10-இல், மற்றது 90-க்குக் கொஞ்சம் வெளியே. பிறகு நட்டை மெதுவாக இறுக்கிக்கொண்டே முனையை ரூல் மேல் லேசாக இழுக்கிறேன். 90-ஆம் கோட்டின் பள்ளத்தில் முனை விழும்போது விரலில் ஒரு சின்னத் தட்டு தெரியும். கண்ணாடி போடாமல் படிக்க முடியாத வயதிலும் அந்தத் தட்டு ஏமாற்றாது. தளர்த்திக்கொண்டு வந்து நிறுத்தினால் கால் சில நேரம் நட்டோடு உடனே நகராமல் ஒட்டி நின்று பிறகு விலகும். எனவே கடைசித் திருப்பு எப்போதும் இறுக்கும் பக்கமே இருக்கட்டும்.

வெர்னியர் தாடையில் முனையை வைத்து அளவு எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தாடையின் விளிம்பே வீணாகிவிடும். சில வெர்னியர்களில் டிவைடருக்கென்றே இரண்டு சின்னப் புள்ளிக் குழிகள் இருக்கும். அப்படி இருந்தால் தாராளமாக அதில் வைக்கலாம்.

இனி எட்டு ஓட்டை. 80 மி.மீ. குழாய்க்கான பி.என். 16 (அழுத்தத் தரம்) ஃபிளாஞ்ச் எங்களிடம் அடிக்கடி வரும்: போல்ட் வட்டம் 160 மி.மீ., 18 மி.மீ. ஓட்டை எட்டு. நடுவில் ஏற்கெனவே குழாய்க்கான பெரிய ஓட்டை போட்டிருந்தால் டிவைடர் ஊன்ற இடம் இருக்காது. குறுக்கே ஒரு மரச்சட்டத்தை இறுக அடித்து, நடுவில் ஒரு தகரத் துண்டைப் பதித்து, அதில் மையம் எடுக்க வேண்டும். 80 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்ட பிறகு, அடுத்தடுத்த ஓட்டைக்கான தூரம் 61.23 மி.மீ. இதை வைத்து ஒரே திசையில் எட்டு அடி நடந்தால், விரிப்பில் 0.1 மி.மீ. தப்பு இருந்தாலும் கடைசி அடியில் அது 0.8 ஆகி நிற்கும். அதனால் நான் முதலில் குறுக்கு நெடுக்காக இரண்டு மையக் கோடு போட்டு வட்டத்தை நான்காக்கி, ஒவ்வொரு கால் பகுதியையும் வில் போட்டு இரண்டாக வெட்டுவேன். அப்புறம் 61.23-ஐ வைத்து ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். இப்போது அந்த நடை சரிபார்ப்பு. தப்பு பெருகிக் கண்ணுக்குத் தெரிவது நமக்கு நல்லதுதான். துளைக்கும் இடத்தில் பஞ்சால் குழி அடிக்கும் முன்பே பிடித்துவிடலாம். வெர்னியர் இந்த உதவியைச் செய்யாது. ஆறு ஓட்டைக்கு இவ்வளவு வேலை இல்லை, ஆரமே தூரம்.

கோடு தெரிய நான் மயில்துத்தம்தான் பூசுகிறேன். தண்ணீரில் கரைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்த பளபளப்பான இரும்பில் தடவினால் செம்புப் படலம் படியும். கோடு அதில் வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும். வார்ப்பின் சொரசொரப்புக்குச் சுண்ணாம்பு. இழுக்கும்போது எடை ஊன்றிய காலில் இருக்க வேண்டும், தலைக் குமிழை இரண்டு விரலால் உருட்டி ஒரே இழுப்பு. மறுபடி மறுபடி இழுத்தால் இரண்டு கோடாகிவிடும், எதில் பஞ்ச் வைப்பது என்று திகைக்க வேண்டியதுதான். முதலில் 60 டிகிரி டாட் பஞ்சால் லேசாக ஒரு புள்ளி. சரியென்று தெரிந்த பிறகே 90 டிகிரி சென்டர் பஞ்ச்.

இத்தனை வருஷத்தில் அதிகம் தேய்ந்தது முனைகள்தான். ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது, நட்டின் மரையில் கொஞ்சம் ஆட்டம் வந்திருக்கிறது. தீட்டும்போது இரண்டு காலையும் மூடிச் சேர்த்துப் பிடித்து, வெளிப்பக்கத்தை மட்டும் எண்ணெய்க் கல்லில் தேய்க்க வேண்டும். உள்பக்கம் தேய்த்தால் முனைகள் பிறகு சேரவே சேராது. கிரைண்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, சூட்டில் முனையின் உறுதி போய்விடும். சித்திரை வெயிலில் கை வியர்வை பட்டால் மறுநாளே துரு பிடிக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது எங்கள் பட்டறையில் கட்டாயம்.

ஒத்துவராத வேலைகளும் உண்டு. காலை அறுபது டிகிரிக்கு மேல் விரித்தால் முனை சாய்ந்து வழுக்கும். ஆறு அங்குல டிவைடருக்கு அது ஏறக்குறைய 150 மி.மீ. விரிப்பு, நான் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். அதைவிடப் பெரிய வட்டத்துக்கு டிராமல்தான், நீளச் சட்டத்தில் இரண்டு முனை நகரும் கருவி. தகரம் மடிக்கும் இடத்தில் டிவைடர் கோடு வேண்டவே வேண்டாம். அலுமினியம் அந்தக் கீறலிலேயே விரிசல் விடும், ஜி.ஐ. ஷீட்டில் துத்தநாகப் பூச்சு போய்த் துரு ஏறும். அங்கே பென்சில் போதும்.

புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே காலை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே உயரத்தில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிறகு பாதி விரித்து, கால்களை முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். மேலே மூட்டில் ஆட்டம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறு அங்குலம். கையில் காசு இருந்தால் கூடவே ஒரு மூன்று அங்குலம். சின்ன கீ-வே (தண்டில் சாவி உட்காரும் பள்ளம்), கேஸ்கெட் (கசிவு அடைக்கும் தகடு) வேலைக்கு அது இல்லாமல் எனக்கு இப்போது ஓடாது.