சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகவா, பிராங்க்பர்ட் வழியாகவா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டு வழியிலும் பறக்கிறது.

நேர் விமானத்துக்குப் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறுகிய பாதையில்தான் போகும் என்றில்லை. பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்காகப் பல நாட்களில் பசிபிக் பெருங்கடல் மேலாகச் சுற்றிப் போகும். தூரம் கூடும், நேரம் குறையும். ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் கட்டுப்படுத்த 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி கிடையாது. பிரீமியம் எகானமியின் கடைசி மூன்று வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் உண்டு. தனியாகப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழி என்றால் அதுவரை 10,300, அங்கிருந்து 6,200 கிலோமீட்டர். நடுவில் சுமார் இரண்டு மணி நேர நிறுத்தம், மொத்தம் 23 மணி நேரத்தை ஒட்டி வரும். ஆனால் எகானமி டிக்கெட் இருக்கிறது.

குடும்பமாகப் போனால் பிராங்க்பர்ட்தான் கட்டுப்படியாகும். வயதானவர்களுக்கும் நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடப்பது நல்லது. அப்புறம், மறுநாளே வேலை இருக்கிறவர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது நேர் விமானத்தைப் பிடிக்கலாம்.