தோற்றாலும் என்ன மிஞ்சும்? நாளிதழ்த் தொழில்நுட்ப விருதுகளைக் குமரியிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தால்

அச்சுத் தொழில் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சகம் 1820 வாக்கிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. அதைத் தொடங்கிய டி.வி.ராமசுப்பையர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு இணையப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. இன்று நாகர்கோவில் பதிப்பு என்று போட்டு வரும் தமிழ் நாளிதழ்கள் பல இருக்கின்றன. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போனால் அதே கடையில் மலையாள நாளிதழ்களும் தொங்கும். இவ்வளவு பேப்பர் ஓடும் மாவட்டத்தில், தொழில்நுட்ப விருதுகளுக்கு விண்ணப்பிக்கும் பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அதெல்லாம் தலைமை அலுவலகத்தின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். சில விருதுகளுக்கு அது உண்மைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

விருதுகளை ஒப்பிடும்போது பெருமையைப் பார்ப்பார்கள், பரிசுத் தொகையைப் பார்ப்பார்கள். ஒரு மாவட்டப் பதிப்புக்கோ நாலு பேர் நடத்தும் உள்ளூர் செய்தித் தளத்துக்கோ அந்த அளவுகோல் உதவாது. விண்ணப்பித்துத் தோற்றாலும் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

என் கணக்கில் முதலில் நிற்பது, செய்தி ஆசிரியர்கள் பலர் கண்டுகொள்ளாத ஒன்று: வான்-இஃப்ரா அமைப்பு நடத்தும் சர்வதேச வண்ணத் தரக் கழகப் போட்டி. நாளிதழ்த் துறைக்கான வான், இஃப்ரா என்ற இரண்டு உலக அமைப்புகள் 2009இல் இணைந்து உருவானது வான்-இஃப்ரா. போட்டி அதற்கும் பழையது, 1994இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். இங்கே கட்டுரை எழுதி யாரையும் மயக்க முடியாது. அவர்கள் தரும் சோதனைக் கட்டத்தை உங்கள் வழக்கமான பதிப்பிலேயே அச்சடித்து, குறிப்பிட்ட நாட்களின் பிரதிகளை அனுப்ப வேண்டும். அவற்றை ஆய்வகத்தில் கருவி வைத்து அளப்பார்கள். அப்புறம் நடுவர்கள் சாதாரணப் பக்கங்களைப் புரட்டி, கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

எதை அளக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாளிதழ் அச்சுக்கென்று ஐஎஸ்ஓ 12647-3 என்ற தர நிர்ணயம் உண்டு. சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து அடிக்கும் சாம்பல் நிறம் சாம்பலாகவே தெரிகிறதா, கறுப்போடு சேர்த்து நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுகிறதா, புள்ளிகள் காகிதத்தில் பரவிப் பெருப்பது வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பெருப்புக்கு இந்தத் தரம் சொல்லும் இலக்கு 26 சதவீதம். சாம்பல் சமநிலை கொஞ்சம் பிசகினாலும் மணமக்கள் படத்தில் முகம் சிவந்துவிடும், நினைவு அஞ்சலிப் படத்தில் பச்சை ஏறிவிடும். வாசகருக்குக் காரணம் தெரியாது, பேப்பர் சரியில்லை என்பது மட்டும் தெரியும்.

குமரியில் இது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம். கடல் காற்றிலும் ஈரம். நாளிதழ் அச்சில் மையை உலர்த்தச் சூடு கிடையாது. மை காகிதத்துக்குள் இறங்கித்தான் காய வேண்டும். நியூஸ்பிரின்ட் என்ற நாளிதழ்க் காகிதம் ஈரத்தை இழுக்கும், இயந்திரத்தில் தண்ணீர் பட்டதும் அகலவாட்டில் விரியும். முதல் வண்ணம் விழுந்த இடத்துக்கும் நாலாவது வண்ணம் விழும் இடத்துக்கும் இடையே ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்களின் பொருத்தம், விலகுவதற்கு இது ஒரு காரணம். பிரிண்டர் அண்ணன்மார் இதை ராத்திரி ராத்திரி கையால் சரிசெய்து ஓட்டுகிறார்கள். அந்தத் திறமை எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. இந்தப் போட்டியில் ஏறும். ஒவ்வொரு அச்சகமும் தனியாகக் கலந்துகொள்ளலாம் என்பதால், ஒரு நிறுவனத்தின் பெருநகர அச்சகம் தவறவிட்ட இடத்தை அதன் சிறு நகர அச்சகம் பிடிக்க முடியும். இந்திய அச்சகங்கள் இந்தப் போட்டியில் தேறுபவர்களின் பட்டியலில் தொடர்ந்து நிறைய இடம் பிடிக்கின்றன. மலையாள மனோரமா, தி இந்து போன்றவை பலமுறை இடம்பெற்றவை. பக்கத்து மாநில நாளிதழ் அடிக்கடி ஏறும் மேடையில் நம் அச்சகங்களும் ஏறட்டுமே.

தோற்றால்? அளந்த எண்கள் கைக்கு வரும். ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போல, எங்கே குறை என்று அதிலேயே இருக்கும். கட்டணம் உண்டு, பல வாரத் தயாரிப்பும் வேண்டும். ஆனாலும் அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை.

டிஜிட்டல் பக்கம் வந்தால் இரண்டு பெரிய போட்டியாளர்கள். ஒன்று வான்-இஃப்ராவின் டிஜிட்டல் மீடியா விருதுகள். இன்னொன்று 1930இல் தொடங்கிய இன்மா அமைப்பின் குளோபல் மீடியா விருதுகள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பல பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்ளே போனால் குணம் வேறு. வான்-இஃப்ரா விருது வட்டாரம் வட்டாரமாக நடக்கிறது. தெற்காசியாவுக்குத் தனிப் போட்டி உண்டு. அங்கே வென்றவர்கள் உலகச் சுற்றுக்குப் போவார்கள். சிறந்த செய்தித் தளம், காணொளி, தரவுக் காட்சி (எண்களை வரைபடமாகக் காட்டுவது), வாசகர் ஈடுபாடு என்று பிரிவுகள் போகும். செய்த பொருளுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. இன்மா பிறந்ததே நாளிதழ் விற்பனை, விளம்பரம், சந்தைப்படுத்தல் ஆட்களின் சங்கமாக. அந்த ரத்தம் இன்னும் ஓடுகிறது. சந்தா எவ்வளவு ஏறியது, விளம்பரம் எவ்வளவு வந்தது, வாசகர் திரும்பி வந்தாரா என்று கேட்கும். தேசிய அளவிலான இதழ்களையும் வட்டார இதழ்களையும் தனித்தனிக் குழுவாக வைத்துப் பார்ப்பது இன்மாவின் பெரிய நல்ல குணம்.

ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். தோவாளைப் பூச்சந்தை விலையும் ரப்பர் ஷீட் விலையும் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு சேவையை நாகர்கோவில் செய்தித் தளம் ஒன்று தொடங்குகிறது என்று வையுங்கள். பார்வைக்கு அதில் பகட்டு இருக்காது. தரவுக் காட்சி என்று வான்-இஃப்ராவுக்கு அனுப்பினால், பெரிய நிறுவனங்களின் பளபளப்பான வரைபடங்களுக்குப் பக்கத்தில் அது எடுபடாது. இன்மாவில் எடுபட வாய்ப்பு இருக்கிறது. குலசேகரத்து ரப்பர் விவசாயி ஒருவர் விலையைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தியையும் படிக்கத் தொடங்கினார், ஆறு மாதத்தில் இவ்வளவு பேர் நிலையான வாசகர் ஆனார்கள் என்று எண்ணோடு காட்டினால் அது அவர்கள் புரிந்துகொள்ளும் மொழி. காட்ட எண் வேண்டும் என்பதுதான் சிக்கல். தொடங்குவதற்கு முந்தைய நாள் நிலவரத்தைக் குறித்து வைக்காதவர்கள் விண்ணப்பத்தில் வெறும் பெயரடைகளைத்தான் அடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் இந்த இரண்டில் நான் இன்மா பக்கம். சிறிய இடத்திலிருந்து வருபவரை அது தன் அளவுள்ளவரோடு மோத விடுகிறது. விண்ணப்பம் எழுத உட்காரும்போதே உங்கள் சேவை உண்மையில் பயன்பட்டதா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தோற்றாலும் அந்தக் கணக்கு மிஞ்சும். காணொளியில் கை தேர்ந்த குழு என்றால் மட்டும் வான்-இஃப்ராவின் தெற்காசியப் போட்டிக்குப் போகலாம்.

செய்தியறையும் கணினியும் சேரும் வேலைக்கு வேறு விருதுகள் உண்டு. தரவு இதழியலுக்கான சிக்மா விருது 2020இல் தொடங்கியது, கட்டணம் இல்லாமல். படைப்பு எந்த மொழியிலும் இருக்கலாம், விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதற்கு ஒக்கி ஒன்றே போதும். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கடலில் இருந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன எண்ணும் பங்குத்தந்தையர் வீடு வீடாக எடுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஊர் வாரியாக, படகு வாரியாக, பெயர் வாரியாக ஒரு பட்டியலை நாள்தோறும் திருத்தி வெளியிடும் வேலையை உள்ளூர்ச் செய்தியாளர்களால் செய்ய முடியும். எந்தக் குடும்பப் பெயர் எந்த ஊரில் வரும், எந்தப் படகு யாருடையது என்பது சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு தரவுத்தளம் விருது வாங்காமல் போனாலும் நிவாரணக் கணக்கில் ஒரு விதவைக்கு ஆதாரமாக நிற்கும். இதைவிடப் பெரிய மிச்சம் வேறென்ன?

ஓஎன்ஏ என்ற இணைய இதழியல் சங்கம் 2000 முதல் தரும் விருதுகளில் தொழில்நுட்பப் புதுமைக்கும் இடம் உண்டு, செய்தியறையின் அளவை வைத்துச் சிறியது பெரியது என்று பிரிக்கவும் செய்கிறார்கள். 1996இல் தொடங்கிய இணைய ஊடகங்களுக்கான அமெரிக்காவின் எப்பி விருதில், மாதம் 10 லட்சம் வாசகர் என்ற கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரிவு. இரண்டும் நேர்மையான ஏற்பாடுகள்தான். ஆனால் அமெரிக்கச் செய்தியறைகளே நிறைந்த களம் அது. முதல் முயற்சிக்கு நான் சொல்ல மாட்டேன்.

தலைமைத்துவ விருதுகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சிறந்த பதிப்பாளர், சிறந்த தலைவர் என்று ஒருவர் பெயரில் போகும் கோப்பை, பிளேட் போட்டவரையும் சர்வரைக் காத்தவரையும் தாலுகா நிருபரையும் மறைத்துவிடுகிறது. குழுவாக மதிக்கப்படும் இடங்களும் இல்லாமல் இல்லை. 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய கபர் லஹரியா இதழுக்கு 2004இல் பெண் இதழாளர்களுக்கான சமேலி தேவி ஜெயின் விருது கிடைத்தது. அந்த முயற்சிக்காகவே 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசும் வந்தது. தலைமை என்றால் அதைத்தான் சொல்வேன். ஒரு மாவட்டத்துப் பெண்கள் செய்தி சேகரித்து, எழுதி, கையில் எடுத்துக்கொண்டு போய் விற்று, பிறகு இணையத்துக்கும் மாறினார்கள். அவர்களை நினைத்தால் குமரியில் இது முடியாது என்று எவரும் சொல்லக் கூடாது.

உள்நாட்டு விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் கலைஞர் எழுதுகோல் விருது 5 லட்சம் ரூபாய் கொண்டது. சிறந்த இதழியலுக்கான ராம்நாத் கோயங்கா விருது 2006 முதல் வழங்கப்படுகிறது. இந்திய பத்திரிகை கவுன்சிலின் தேசிய விருதுகளில் கிராமப்புற இதழியலுக்கும் இடம் உண்டு. மூன்றும் மதிப்புக்குரியவை. ஆனால் அவை எழுதியவரையும் எழுத்தையும் கௌரவிப்பவை. இயந்திரத்தையோ செயலியையோ அச்சுத் தரத்தையோ எடைபோடுபவை அல்ல. தொழில்நுட்பக் குழு அவற்றுக்குக் காத்திருப்பதில் பொருள் இல்லை. நல்ல நிருபர் இருந்தால் அவருக்காக அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள்.

சரி, முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். நாகர்கோவிலில் சொந்த இயந்திரம் ஓட்டுபவர்கள் வண்ணத் தரக் கழகத்துக்குப் போக வேண்டும். அச்சு இல்லாத தளங்கள் முதல் ஆண்டு சிக்மாவுக்கு அனுப்பிப் பழகிவிட்டு, கையில் ஒரு வருட எண்கள் சேர்ந்ததும் இன்மாவின் வட்டாரக் குழுவுக்குப் போகலாம். விண்ணப்பத்தில் வேலை செய்த எல்லோர் பெயரையும் போடுங்கள்.

அச்சகங்கள் இன்றே தொடங்கலாம். தினமும் ஒரு பிரதியை ஈரம் படாத அலமாரியில் தேதியோடு எடுத்து வைத்து, சாம்பல் கட்டத்தை டென்சிட்டோமீட்டர் என்ற மை அடர்த்தி அளக்கும் கருவியில் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். ஜூன் மழையிலும் நவம்பர் மழையிலும் அந்த எண் எப்படி மாறுகிறது என்பதை பிரிண்டரும் பக்க வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த போட்டி அறிவிப்பு வருவதற்குள் இரண்டு மழைக்காலத்தின் பதிவு கையில் இருக்கும்.